சம்பவ இடம்

ஏற்காட்டில் இடி இடித்தால்
களரம்பட்டியில் மூன்று கைபேசிகள் ஒலிக்கும்.
மேல மழை, தொறந்து விடு.
அவ்வளவுதான் பேச்சு.

நான் பாலத்தடியில் நிற்கிறேன்,
கையில் இரண்டு லிட்டர் கேன்,
மூக்கைச் சுற்றித் துப்பட்டா,
மணி இரண்டு பத்து.
மலைத்தண்ணீர் வந்து சேர இன்னும் நேரமிருக்கிறது.
சாயத்தண்ணீர் முந்திக்கொண்டது.

இன்றைக்கு ஊதா.
போன வாரம் கிளிப்பச்சை.
இந்தத் தீபாவளிக்கு எந்த நிறம் எடுபடும் என்று
கடைவீதிக்கு முன்பே
ஆற்றுக்குத் தெரிந்துவிடுகிறது.

படிவத்தில் முதல் கட்டம்: சம்பவ இடம்.
திருமணிமுத்தாறு என்று எழுதினேன்.
"ஆறு ஒரு இடமாம்மா?
எந்த இடத்துலன்னு எழுதுங்க" என்றார் பொறியாளர்.
எழுதி முடிப்பதற்குள்
அது கொண்டலாம்பட்டியைத் தாண்டியிருந்தது.
கையெழுத்து வாங்குவதற்குள் உத்தமசோழபுரம்.
ஆய்வகத்தில் கேனைத் திறந்த அன்று
அடுத்த மாவட்டத்தில் யாரோ
மோட்டார் போட்டு மஞ்சளுக்குப் பாய்ச்சிக்கொண்டிருந்தார்கள்.
அது எங்கள் எல்லை இல்லை.

பாதிக்கப்பட்டவர் பெயர்?
ஆற்றை எழுதினால் வயது கேட்கிறது,
தகப்பன் பெயர் கேட்கிறது.
சேர்வராயன் என்று போடலாமா என
ஒரு நிமிடம் பேனாவைப் பிடித்திருந்தேன்.
எதற்கு வம்பு,
கோடு போட்டேன்.

மாதையனைப் பிடித்தது நாங்கள் அல்ல,
ஊர்க்காரர்கள்.
வால்வுக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு இருந்தானாம்,
நனைந்த பீடியைப் பற்றவைக்கப் பார்த்துக்கொண்டு.
கையும் களவுமாய் என்றார்கள்.
டார்ச் அடித்துக் கையைக் காட்டினார்கள்.
முழங்கை வரை ஊதா.
நகக்கண்ணில் பழைய பச்சை,
அதற்கும் அடியில்
எந்த வருடத்தியது என்று தெரியாத ஒரு நீலம்.
ஆறு வைத்துக்கொள்ளாத கணக்கை
அந்தக் கை வைத்திருந்தது.

களவு யாருடையது என்று யாரும் கேட்கவில்லை.
நானும்தான்.
கை இருந்தது, போதுமாய் இருந்தது.

பட்டறைக்காரர் விடிந்தபிறகு வந்தார்.
வெள்ளைச் சட்டை.
நான் பார்த்ததிலேயே
அந்தத் தெருவில் சாயம் ஏறாத ஒரே துணி.
"மழைங்க, தொட்டி நெறஞ்சு வழிஞ்சிருச்சு.
ஆளும் புதுசு."
மாதையன் பன்னிரண்டு வருடமாய்ப் புதுசு.
அந்நேரம் பார்த்து மறுபடி தூற ஆரம்பித்தது,
அவர் பக்கம் சாட்சி சொல்ல வந்ததுபோல.

ஆய்வறிக்கை வந்தது.
நிறம்: ஆட்சேபணைக்குரியது.
நாற்றம்: ஆட்சேபணைக்குரியது.
ஆட்சேபித்தவர் யார் என்பதற்குக் கட்டம் இல்லை.
அபராதத்தை ஒரே தவணையில் கட்டினார்.
ஒரு முகூர்த்த நாள் வியாபாரம் இருக்கும்.
ரசீதை நான்தான் கிழித்துக் கொடுத்தேன்,
மேஜையில் இருந்த முறுக்கைக் காட்டி
எடுத்துக்கோங்க என்றும் சொன்னேன்.
ஏன் சொன்னேனோ.

நாத்தனார் மகள் சீருக்கு
அம்மாபேட்டையில் புடவை எடுத்தோம்.
எல்லோருக்கும் பிடித்தது அந்த ஊதாதான்,
விலையும் அடக்கம்.
சாயம் போகாதுங்க, நான் கேரண்டி
என்று ஈரக்கைக்குட்டையைத் தேய்த்துக் காட்டினான் கடைப்பையன்.
கைக்குட்டை வெள்ளையாகவே இருந்தது.
போகாது.
போக வேண்டியதெல்லாம்
போன மாதம் இரண்டு பத்துக்கே போய்விட்டது தம்பி,
கேனில் கொஞ்சம் பிடித்து வைத்திருக்கிறேன்.
சொல்லவில்லை.
பில் போடச் சொன்னேன்.

நேற்று சீலநாயக்கன்பட்டி பைபாஸில் மாதையன்.
பஸ்ஸில் இருந்து இறங்கிக்கொண்டிருந்தான்.
அவன் பிடித்த கம்பியைத் தொடாமல்
பின்னால் ஒரு அம்மாள் தடுமாறி இறங்கினாள்.
என்னை அடையாளம் தெரிந்துவிட்டது.
கோபம் ஒன்றும் இல்லை முகத்தில்.
இரண்டு கையும் கூப்பி,
வணக்கங்க மேடம் என்றான்.

இந்த முறை சிவப்பு.